ஏவலாளின் உரிமை: வலைச் செயலியின் நிரலுக்குக் கோப்பு அனுமதி வழங்கப்பட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணனியிலே சேமிக்கப்பட்டுள்ள ஒரு கோப்பை யார் திறக்கலாம், யார் மாற்றலாம் என்னும் வினா, ஒரே கணனியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தத் தொடங்கிய நாளிலேயே எழுந்ததாகும். ஆயின் இவ்வினாவிலே வரும் 'யார்' என்னுஞ் சொல் எதனைக் குறிக்கின்றது என்பது அக்காலத்திலே தெளிவாக வரையறுக்கப்படவில்லை. கணனியின் முன் அமர்ந்திருக்கும் மனிதரையா? அம்மனிதர் இயக்கும் செய்நிரலையா? அன்றி அச்செய்நிரலை எழுதிவிட்டு எங்கோ இருக்கும் வேறொருவரையா? ஒருவரே செய்நிரலை எழுதி, அவரே அதனை இயக்கி, தம் கோப்புகளை மட்டுமே அதனாற் கையாண்ட வரையில் இம்மூவரும் ஒருவராகவே இருந்தனர். வினாவும் எளிதாக இருந்தது. வலைச் செயலியிலோ இம்மூவரும் முற்றாகப் பிரிந்து நிற்கின்றனர். செயலியை எழுதியவர் ஒருவர். அது இயங்குஞ் சேவையகத்துக்கு உரியவர் மற்றொருவர். உலாவியினூடாக அதற்குக் கட்டளை இடுபவரோ முன்பின் அறியப்படாத மூன்றாமவர். இந்நிலையில் 'இக்கோப்பைத் திற' என்று நிரல் கேட்கும்போது அது யாருடைய உரிமையைக் கொண்டு கேட்கின்றது என்பதே இக்கட்டுரையிலே நாம் ஆராய முற்படும் பொருளாகும்.

இவ்வரலாற்றைத் தொழில்நுட்பத்தின் படிப்படியான முன்னேற்றமாகக் காட்டும் வழக்கம் பாடநூல்களிற் காணப்படுகின்றது. எமது கருத்து அதனின்று வேறுபட்டது. மனிதருக்கு உரிமை வழங்கும் முறை, நிரலுக்கு உரிமை வழங்கும் முறை என்னும் இரண்டுக்குமிடையே மாறி மாறிச் சென்ற ஓர் ஊசலாட்டமாகவே நாம் இதனைக் காண்கின்றோம். பின்னையதற்கு மிகப் பெரிய அளவில் மேற்கொள்ளப்பட்ட இரு முயற்சிகளும் கைவிடப்பட்டுள்ளன. அவை ஏன் கைவிடப்பட்டன என்பதிலேதான் ஆராய்ச்சிக்குரிய செய்தி அடங்கியுள்ளது எனலாம்.

முதலிற் சி.ரி.எஸ்.எஸ். எனப்பட்ட காலப்பகிர்வு முறைமையை நோக்குவாம். மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே பெர்னாண்டோ கோர்பாற்றோ தலைமையில் உருவான இம்முறைமை 1961 நவம்பரில் முதன்முறையாகச் செய்துகாட்டப்பட்டது. ஒவ்வொரு பயனருக்கும் கடவுச்சொல்லும் தனிக் கோப்புறையும் இதில் இருந்தன. 1960களின் நடுப்பகுதியில் அங்கு நிகழ்ந்த ஒரு விபத்தைக் கோர்பாற்றோவே பின்னாளிற் தமது ரியூரிங் பரிசுப் பேருரையில் விவரித்துள்ளார். ஒரு கோப்புறையை ஒரு வேளையில் ஒருவர் மட்டுமே பயன்படுத்துவார் என்னும் எடுகோளின்மீது பதிப்பிச் செய்நிரல் அமைக்கப்பட்டிருந்தது. ஆதலால் அது தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரையே இட்டது. நிருவாகிகளின் பொதுக் கோப்புறையில் ஒருவர் கடவுச்சொற் கோப்பையும், அதே வேளையில் மற்றொருவர் அன்றாட அறிவித்தற் கோப்பையும் திருத்தினர். இரு தற்காலிகக் கோப்புகளும் இடம்மாறின. அதன்பின் முறைமையினுள் நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் அனைவரின் கடவுச்சொற்களும் அறிவித்தலாக அச்சாகி வந்தன!

இவ்விபத்திலே எந்த மனிதரும் தமக்கு இல்லாத உரிமையைப் பயன்படுத்தவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. இரு நிருவாகிகளும் உரிமையுடையோரே. தவறு நிகழ்ந்தது அவ்விருவர் சார்பிலும் தொழிற்பட்ட செய்நிரலில். மனிதரின் உரிமை சரியாக இருந்தும், அவர் ஏவிய ஏவலாள் தவறான கதவைத் திறந்துவிட்டான். வலைச் செயலிகளிற் பின்னர் நிகழ்ந்த கேடுகள் பலவற்றின் முன்மாதிரி இதிலேயே காணக்கிடக்கின்றது.

சி.ரி.எஸ்.எஸ்.இன் வழித்தோன்றலாக மசசூசெற்ஸ் நிறுவகமும் பெல் ஆய்வுகூடமும் ஜெனரல் இலெக்ரிக் கம்பனியும் இணைந்து உருவாக்கிய மல்ற்றிக்ஸ், ஒவ்வொரு கோப்புக்கும் பெயர்ப்பட்டியல் ஒன்றை இணைத்தது. இன்னார் வாசிக்கலாம், இன்னார் எழுதலாம், இன்னார் இயக்கலாம் என்பது அப்பட்டியலிற் குறிக்கப்பட்டது. அத்துடன் செய்நிரல்களை ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வளையங்களில் நிறுத்தி, உள்வளையத்து நிரலுக்கு மிகுந்த அதிகாரமும் வெளிவளையத்து நிரலுக்குக் குறைந்த அதிகாரமும் வழங்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. 1965ஆம் ஆண்டிலேயே இதன் திட்டம் வெளியிடப்பட்டது. 1969இல் பெல் ஆய்வுகூடம் இம்முயற்சியினின்றும் விலகியது. மல்ற்றிக்ஸ் அதனோடு மறைந்துவிடவில்லை. அதன் இறுதிப் பொறி 2000 ஒக்ரோபர் 30ஆந் திகதியே கனடாவின் ஹலிபக்ஸ் நகரில் நிறுத்தப்பட்டது. எனினும் எமது பொருளுக்கு முக்கியமானது, விலகிய ஆய்வுகூடத்திலே கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969இல் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையே.

யுனிக்ஸின் சிறப்பு அதன் சிக்கனமாகும். மல்ற்றிக்ஸின் நீண்ட பெயர்ப்பட்டியலுக்குப் பதிலாக ஒவ்வொரு கோப்புக்கும் சில இருமக் குறிகளே வைக்கப்பட்டன. றிச்சியும் தொம்சனும் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இக்குறிகள் ஏழு எனக் கூறப்படுகின்றன. உரிமையாளருக்கு மூன்று, ஏனையோருக்கு மூன்று: வாசித்தல், எழுதுதல், இயக்கல். பின்னர் இடையிலே 'குழு' என்னும் மூன்றாவது வகுப்புச் சேர்க்கப்பட்டதால், இன்று நாம் அறிந்த ஒன்பது குறிகள் உருவாகின. வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்கலுக்கு 1 எனக் கூட்டி, 755, 644 என மூன்று இலக்கங்களால் இவற்றை எழுதுவர். அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் உலகின் வலைச் சேவையகங்களிற் பெரும்பாலானவை இம்மூன்று இலக்கங்களையே நம்பி இயங்குகின்றன.

ஏழாவது குறியே எமக்கு இங்கு முதன்மையானது. அக்குறி இடப்பட்ட செய்நிரலை யார் இயக்கினாலும், அஃது இயக்கியவரின் உரிமையோடன்றிச் செய்நிரற் கோப்பின் உரிமையாளரது உரிமையோடு இயங்கும். சாதாரண பயனர் ஒருவர் தமது கடவுச்சொல்லை மாற்ற விரும்புகிறார் எனக் கொள்வோம். கடவுச்சொற் கோப்பிலே எழுதும் உரிமை அவருக்கு இல்லை, இருத்தலும் ஆகாது. எனினும் கடவுச்சொல்லை மாற்றுஞ் செய்நிரலுக்கு அவ்வுரிமை உண்டு. பயனர் செய்நிரலை இயக்க, செய்நிரல் கோப்பை மாற்றுகின்றது. களஞ்சியத்தின் திறப்பு ஊரவர் கையில் இல்லாவிடினும், கேட்டதை அளந்து கொடுக்கும் களஞ்சியக்காரர் ஒருவர் இருப்பதை இதற்கு ஒப்பிடலாம். றிச்சியின் இக்கண்டுபிடிப்புக்கு 1973இல் விண்ணப்பிக்கப்பட்டு, 1979 சனவரியில் ஐக்கிய அமெரிக்காவிலே புத்தாக்க உரிமம் வழங்கப்பட்டது. பின்னர் அது பொதுமக்களுக்கென விடப்பட்டது. மனிதருக்கன்றி நிரலுக்கே கோப்பு அனுமதி வழங்குதல் என்னும் கருத்து நடைமுறையிற் பரவலாகக் காலூன்றியது இக்குறியினூடாகவே என்பது எமது துணிபு.

இதே காலப்பகுதியிற் கோட்பாட்டுத் துறையிலும் முக்கியமான ஆக்கங்கள் வெளிவந்தன. 1966இல் டெனிஸ், வான் ஹோர்ன் ஆகிய இருவரும், ஒரு பொருளைச் சுட்டும் குறியீடும் அதனைப் பயன்படுத்தும் உரிமையும் பிரியாது ஒன்றாக இருக்கும் 'உரிமைச்சீட்டு' என்னும் கருத்தை முன்வைத்தனர். 1971இல் பற்லர் லாம்ப்சன் அனைத்தையும் ஒரே அட்டவணையாக்கினார்: நிரைகளிற் செயற்படுவோர், நிரல்களிற் பொருள்கள், கட்டங்களில் உரிமைகள். அட்டவணையைப் பொருள்வாரியாக அறுத்தால் மல்ற்றிக்ஸின் பெயர்ப்பட்டியல் வரும். செயற்படுவோர்வாரியாக அறுத்தால் உரிமைச்சீட்டு வரும். 1975இல் சால்ற்சர், சுரோடர் ஆகியோர் எழுதிய நெடுங்கட்டுரை, ஒவ்வொரு செய்நிரலும் தன் பணிக்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமையுடனேயே இயங்க வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. இந்நெறியைப் பின்வந்த எல்லோரும் மேற்கோள் காட்டினர். கைக்கொண்டவர்கள் மிகச் சிலரே.

களஞ்சியக்காரர் முறையின் பலவீனத்தை வெளிப்படுத்தியவர் நோர்ம் ஹார்டி. 1988இல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில், ரைம்ஷெயர் என்னும் கம்பனியில் 1970களில் நிகழ்ந்த ஒன்றை, ஏறக்குறைய உண்மையான கதை என்ற முன்னுரையோடு அவர் கூறுகின்றார். அங்கிருந்த தொகுப்பான் செய்நிரல் ஒன்று, தன் பயன்பாட்டுக் கணக்கை எழுதி வைப்பதற்காகத் தானிருந்த கோப்புறையில் எழுதும் உரிமை பெற்றிருந்தது. அதே கோப்புறையிலே வாடிக்கையாளரின் கட்டண விவரக் கோப்பும் இருந்தது. தொகுப்பான் தரும் பிழைதிருத்தக் குறிப்புகளை எக்கோப்பிலே எழுதுவது எனப் பயனர் பெயர் குறிப்பிடலாம். ஒருவர் கட்டணக் கோப்பின் பெயரைக் குறிப்பிட்டார். தொகுப்பான் தன்னுரிமையைக் கொண்டு அதன்மீது எழுதியது. கட்டண விவரம் அழிந்தது. இதனை ஹார்டி 'குழம்பிய பிரதிநிதி' எனப் பெயரிட்டார். செய்நிரல் இரு எசமானருக்கு ஏவல் செய்கின்றது. கோப்பின் பெயர் ஒருவரிடமிருந்தும், அதனைத் திறக்கும் உரிமை மற்றவரிடமிருந்தும் வருகின்றன. எந்த உரிமையை எந்தப் பெயருக்குப் பயன்படுத்துவது என்பதை அது அறியாது.

ஹார்டியின் கட்டுரை வெளிவந்து ஐந்தாண்டுகளுள், உலகெங்குங் குழம்பிய பிரதிநிதிகளை இலட்சக்கணக்கில் உற்பத்தி செய்யும் ஓர் ஏற்பாடு தோன்றியது. ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிறுவனத்திலே ரிம் பேர்னேர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த உலகளாவிய வலை, தொடக்கத்தில் எழுதி வைக்கப்பட்ட பக்கங்களை எடுத்துக் கொடுப்பதாகவே இருந்தது. 1993இல் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. நிலையத்தின் சேவையகத்தோடு வந்த சி.ஜி.ஐ. என்னும் பொது இடைமுகம், வலை வேண்டுகோள் ஒன்று சேவையகத்திலுள்ள செய்நிரலை இயக்க வழிசெய்தது. வலைச் செயலியின் பிறப்பு இதுவே.

இங்குதான் யுனிக்ஸின் மூன்று இலக்கங்கள் இடர்ப்பட்டன. வலைச் சேவையகம் 80ஆம் வாயிலைத் திறப்பதற்காக மேலதிகாரியின் உரிமையுடன் தொடங்கி, உடனே அதனைத் துறந்து, 'ஒருவருமில்லை' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு பயனராக மாறி இயங்குவது வழக்கமாயிற்று. பாதுகாப்புக் கருதிச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடே இது. ஆயின் ஒரே பொறியில் நூறு பேரின் வலைத்தளங்கள் இருந்தால், நூற்றுவரின் நிரல்களும் அந்த ஒரே 'ஒருவருமில்லை'யின் பெயரிலேயே இயங்கின. என் நிரல் வாசிக்கக்கூடிய கோப்பை அயலவரின் நிரலும் வாசிக்கும். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நிரற் கோப்பிலேயே எழுதி வைப்பது அன்றைய வழக்கம் என்பதையும் சேர்த்து நோக்கினால், இதன் பாரதூரம் விளங்கும். வருகையாளர் குறிப்பேடு போன்ற ஒரு கோப்பிலே நிரல் எழுத வேண்டுமாயின், அக்கோப்பை 'ஏனையோர்' அனைவரும் எழுதத்தக்கதாக்க வேண்டியிருந்தது. அனுமதி இல்லை என்ற பிழைச்செய்தி வந்தவுடன் 777 என இட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும் பழக்கம் இவ்வாறே தோன்றியது. நாமும் ஒரு காலத்திலே அதனைச் செய்திருக்கின்றோம். செய்தபோது அதனை அனுமதி வழங்குவதாக நினைத்தோமேயன்றி, கதவைக் கழற்றி வைப்பதாக நினைக்கவில்லை.

இவ்விடரைத் தீர்க்க இரு வழிகள் கையாளப்பட்டன. 1997இல் அப்பாச்சி சேவையகத்தின் 1.2ஆம் பதிப்போடு வந்த கருவி, ஒவ்வொருவரின் நிரலையும் அவரவர் பெயரிலேயே இயக்கியது. நிரற் கோப்போ அதன் கோப்புறையோ பிறரால் எழுதத்தக்கதாயின் இயக்க மறுத்தது. இது மனிதருக்கு உரிமை என்னும் பழைய முறைக்குத் திரும்பியதாகும். மற்றையது பி.எச்.பி. மொழியின் 'பாதுகாப்பு நிலை'. நிரற் கோப்பின் உரிமையாளரும் அது திறக்க முற்படுங் கோப்பின் உரிமையாளரும் ஒருவரே எனின் மட்டும் மொழியே அனுமதி வழங்கும், இன்றேல் மறுக்கும். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இவ்விதி நடைமுறையிலே நகைப்புக்கிடமானது. நிரல் தானே புதிதாக ஒரு கோப்பை உருவாக்கினால், அக்கோப்பின் உரிமையாளர் நிரலை எழுதியவராக அன்றி வலைச் சேவையகமாகவே இருக்கும். அடுத்த முறை அதே நிரல் தான் பெற்ற கோப்பைத் திறக்கப் போனால் உரிமையாளர் வேறு எனத் தடுக்கப்படும்! அன்றியும், பி.எச்.பி. தடுத்ததை அதே பொறியில் வேறு மொழியில் எழுதப்பட்ட நிரல் தடையின்றிச் செய்யும். பணிசெயல் முறைமையின் கடமையை மொழி தன் தலைமேற் சுமந்தது தவறென அதனை ஆக்கியோரே ஏற்றுக்கொண்டனர். 2009இல் 5.3ஆம் பதிப்பிலே பழையதென ஒதுக்கப்பட்டு, 2012இல் 5.4ஆம் பதிப்பிலே அது நீக்கப்பட்டது.

இனி, நிரலுக்கே உரிமை வழங்க முற்பட்ட இரு பெரு முயற்சிகளை நோக்குவாம். முதலாவது ஜாவா. 1995இல் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் கம்பனி வெளியிட்ட இம்மொழியிலே எழுதப்பட்ட சிறு செயலிகள், வலையினூடாக வந்து பயனரின் உலாவியிலே இயங்கின. அறியாத ஒருவர் எழுதிய நிரல் என் கணனியிலே, என் பெயரில் இயங்குமாயின், என் கோப்புகள் யாவும் அதன் கைக்கு வந்துவிடும். ஆதலின் தொடக்கத்தில் அதற்குக் கோப்பு அனுமதி எதுவுமே வழங்கப்படவில்லை. மணற்பெட்டியினுள் விளையாடுங் குழந்தைபோல அது வைக்கப்பட்டது. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் 1996இலேயே அப்பெட்டியின் ஓட்டைகளைக் காட்டினர். 1997இல் வந்த 1.1ஆம் பதிப்பு, ஏற்கத்தக்க கையொப்பமுடைய நிரலுக்கு முழு உரிமை என்றது. ஒன்றுமில்லை அல்லது எல்லாம் என்ற இந்நிலையை மாற்றியது 1998 திசெம்பரில் வந்த 1.2ஆம் பதிப்பாகும். லீ கொங் இதன் முதன்மை வடிவமைப்பாளர்.

இப்பதிப்பிலே நிருவாகி ஒரு கொள்கைக் கோப்பை எழுதுவார். இன்ன முகவரியிலிருந்து வந்த, இன்னார் கையொப்பமிட்ட நிரலுக்கு, இன்ன பாதையிலுள்ள கோப்புகளை வாசிக்க, எழுத, அழிக்க, இயக்க அனுமதி என வாக்கியம் வாக்கியமாக அதிலே எழுதலாம். பாதையின் இறுதியில் உடுக்குறி இட்டால் அக்கோப்புறையிலுள்ள கோப்புகள் மட்டும். சிறுகோடு இட்டால் அதன் உட்கோப்புறைகளும் அடங்கும். ஒரு குறியின் வேறுபாட்டால் ஒரு முழு வட்டின் உரிமை கைமாறும் என்பது கவனிக்கத்தக்கது. இவ்வேற்பாடு உலாவியோடு நின்றுவிடவில்லை. ஜாவாவில் எழுதப்பட்ட வலைச் செயலிகளை இயக்கும் ரொம்கற் சேவையகமும் இத்தகைய கொள்கைக் கோப்பை உடன்கொண்டிருந்தது. ஒரே சேவையகத்திலுள்ள பல செயலிகளுள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கோப்பு அனுமதியை அதனால் வழங்க முடிந்தது.

இதன் உட்பொறிமுறை நுட்பமானது. நிரலின் ஒரு பகுதி மற்றொரு பகுதியை அழைக்க, அது வேறொன்றை அழைக்க, இறுதியிலே கோப்பு திறக்கப்படும். அவ்வேளையில் முறைமை அழைப்புச் சங்கிலியைப் பின்னோக்கி நடந்து, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் அவ்வனுமதி உண்டா என வினவும். ஒரு கண்ணிக்கு இல்லையெனினும் மறுப்பே. உரிமையற்ற நிரல் உரிமையுள்ள நூலகத்தை ஏவி, அதன் மறைவிற் கோப்பைத் திறக்க முடியாது. ஹார்டியின் தொகுப்பான் சந்தித்த கேட்டுக்கு இஃது ஒரு மறுமொழி. ஆயினும் உரிமையற்றவர் கேட்டாலும் செய்தேயாக வேண்டிய பணிகள் நூலகங்களுக்கு உண்டு. எழுத்துருக் கோப்பை வாசியாது எழுத்தைத் திரையில் எவ்வாறு வரைவது? அதற்காக, 'இதற்கு நானே பொறுப்பு, எனக்கு அப்பாற் பின்னோக்கிப் பார்க்க வேண்டா' என நூலகம் கூறும் வழியொன்றும் வைக்கப்பட்டது. அவ்வழி திறந்த இடமெல்லாம் குழம்பிய பிரதிநிதி மீண்டும் நுழைவதற்கு இடமாயிற்று.

இரண்டாவது முயற்சி மைக்ரோசொப்ற் கம்பனியின் டொட் நெற். 2002இல் வெளிவந்த இதிலும் ஜாவாவினதை ஒத்த ஏற்பாடே இருந்தது. 2003இன் 1.1ஆம் பதிப்பிலிருந்து வலைச் செயலிகளுக்கு முழு, உயர், இடை, தாழ், மிகக்குறை என ஐந்து நம்பிக்கைப் படிகள் வகுக்கப்பட்டன. இடைப்படியிலுள்ள செயலி தன் சொந்தக் கோப்புறையினுள் மட்டும் வாசிக்கலாம், எழுதலாம். தாழ்படியில் வாசிப்பு மட்டுமே. வாசித்தல், எழுதுதல், இறுதியிற் சேர்த்தல் ஆகியவற்றோடு, ஒரு கோப்பு எங்கே இருக்கின்றது எனப் பாதையை அறிதலும் இங்குத் தனி அனுமதியாகக் கொள்ளப்பட்டது. கோப்பைத் திறக்க முடியாதவருக்கும் அதன் இருப்பிடம் ஒரு செய்தியே என உணர்ந்த இவ்வகுப்புமுறை எம் வியப்புக்குரியது.

இத்துணை நுட்பமான ஏற்பாடுகள் ஏன் நிலைக்கவில்லை? பொறிமுறையின் ஓட்டைகளே காரணம் என்பர் சிலர். ஓட்டைகள் இருந்தமை உண்மையே. ஆயினும் யுனிக்ஸின் மூன்று இலக்கங்களைக் கடந்து செல்லும் வழிகளும் பல கண்டறியப்பட்டுள்ளன, அவை கைவிடப்படவில்லையே? எமது நோக்கிற் காரணம் வேறு. செயலிக்கு எந்தெந்தக் கோப்புகள் வேண்டும் என்பதைச் செயலியை எழுதியவரே முழுமையாக அறியார். அவர் பயன்படுத்தும் நூலகம் எங்கோ ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கும். அந்நூலகம் சார்ந்திருக்கும் மற்றொன்று ஏதோ ஓர் அமைப்புக் கோப்பை வாசிக்கும். கொள்கைக் கோப்பை எழுதும் நிருவாகியோ இவற்றுள் எதனையும் அறியார். அவர் அறிவதெல்லாம் செயலி நின்றுவிட்டது என்பதும், 'அனுமதி கோரல் தோல்வியுற்றது' என்னும் பிழைச்செய்தியும் மட்டுமே. ஒரு வரியைச் சேர்ப்பார்; மறுபடியும் நிற்கும்; மற்றொரு வரியைச் சேர்ப்பார். இறுதியில் எல்லா நிரலுக்கும் எல்லா அனுமதியும் என ஒரே வரியில் எழுதிவிட்டு வீடு செல்வார். டொட் நெற்றின் இயல்புநிலையே முழு நம்பிக்கையாக இருந்தது. விலைக்கு வாங்கிய நிரற் கூறுகள் பல இடைப்படியில் இயங்க மறுத்தன. ஆதலால் இடைப்படியைக் கட்டாயமாக்கிய இடவாடகை நிறுவனங்களும் வாடிக்கையாளரின் முறைப்பாட்டைத் தாங்காது தளர்ந்தன. 777 மீண்டும் வேறு உருவத்தில் வந்தது என்பதே இதன் பொருள்.

அனுமதி வழங்கும் அதிகாரம் யாரிடம் உள்ளதோ அவரிடம் அதற்கு வேண்டிய அறிவு இருக்கவில்லை. அறிவு ஓரளவேனும் இருந்தவரிடம் அதிகாரம் இருக்கவில்லை. இப்பிளவை எந்தப் பொறிமுறையாலும் இணைக்க முடியவில்லை.

2010இல் வெளிவந்த டொட் நெற் 4ஆம் பதிப்பு இக்கொள்கைமுறையை ஒதுக்கியது. குறைந்த நம்பிக்கைப் படிகள் செயலிகளைப் பிரிக்கும் வேலியாகா, செயலிகளை வெவ்வேறு செயன்முறைகளில் வெவ்வேறு பெயர்களில் இயக்குக என்று மைக்ரோசொப்ற் அறிவுறுத்தியது. 2016இல் புதிதாக எழுதப்பட்ட டொட் நெற் கோரில் இம்முறை இடம்பெறவில்லை. ஜாவாவிலே 2021 செத்தெம்பரில் 17ஆம் பதிப்பு இதனை நீக்கத்துக்கு உரியதென அறிவித்தது. 2025 மார்ச்சில் வந்த 24ஆம் பதிப்பு அதனை நிலையாகச் செயலிழக்கச் செய்தது. ஜாவாவின் சொந்த நூலகங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் இவ்வனுமதியைச் சரிபார்க்க வேண்டியிருந்தன என்பதும், அவற்றைப் பேணும் உழைப்புக்கு ஈடாகப் பயன்படுத்துவோர் இல்லை என்பதும் காரணமாகக் கூறப்பட்டன.

அவ்விடத்தை நிரப்பியது பழைய யுனிக்ஸ் வழியே. 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்பிலிருந்த, செயன்முறையின் வேர்க் கோப்புறையை மாற்றும் கட்டளையின் வழித்தோன்றல்களாக, 2000இல் பிரீ பி.எஸ்.டி.யின் 'சிறை'யும் பின்னர் லினக்ஸின் கொள்கலன்களும் வந்தன. ஒவ்வொரு செயலியும் தனக்கெனச் சில கோப்புகள் மட்டுமே உள்ள ஒரு சிற்றுலகில் வாழ்கின்றது. ஓப்பின் பி.எஸ்.டி. 2018இலும், லினக்ஸ் 2021இலும், செயன்முறை தனக்கு வேண்டிய பாதைகளைத் தானே கூறி ஏனையவற்றைத் துறக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தன. இங்கு நிரலை எழுதியவரே அனுமதியைக் குறுக்குகின்றார் என்பது மேற்கூறிய பிளவை நோக்கக் குறிப்பிடத்தக்கது.

ஆயின் கொள்கலனின் வேலி செயலியைச் சுற்றியே உள்ளது, செயலியினுள் இல்லை. 2018 நவம்பரிலே ஜாவாஸ்கிரிப்ற் உலகிற் பரவலாகப் பயன்பட்ட ஒரு சிறு நூலகம் புதிய பராமரிப்பாளரின் கைக்கு மாறிய பின், நாணயப்பை ஒன்றின் திறப்புகளைத் திருடும் நிரலைச் சுமந்து வந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. அந்நூலகத்தைச் சேர்த்துக்கொண்ட செயலிகள் தமக்குள்ள உரிமைகள் யாவற்றையும் அதற்கும் வழங்கியிருந்தன. 2020இல் டெனோவும், 2023இல் நோட் 20ஆம் பதிப்பும், இயக்கும்போதே வாசிக்கத்தக்க பாதைகளைக் குறிப்பிடும் முறையைக் கொண்டுவந்தன. எனினும் அவ்வனுமதியும் செயன்முறை முழுவதற்கும் உரியதே. அதனுட் கலந்துள்ள நூறு நூலகங்களையும் அது வேறுபடுத்துவதில்லை. ஜாவா 1998இல் விடைகாண முற்பட்டு விட்டுவிட்ட வினா அங்கே அப்படியே கிடக்கின்றது.

இறுதியாக, இவ்வரலாற்றிலே பலராலும் கவனிக்கப்படாத ஒரு கிளையைக் குறிப்பிடல் தகும். 1995 நவம்பரில், ஜாவாவின் மணற்பெட்டி பற்றி உலகம் பேசிக்கொண்டிருந்த அதே வேளையில், வலைப் படிவத்தினூடாகக் கோப்பை அனுப்பும் முறை ஒன்று, இணையத்தின் 1867ஆம் இலக்கக் கருத்துரை ஆவணமாக வெளியிடப்பட்டது. பயனர் ஒரு பொத்தானை அழுத்துவார். உலாவி கோப்புகளின் பட்டியலைக் காட்டும். பயனர் ஒன்றைத் தெரிவார். அந்த ஒன்று மட்டும் வலைத்தளத்துக்குச் செல்லும். பயனர் வெளிப்படையாகக் குறிப்பிடாத எக்கோப்பையும் அனுப்பலாகாது என அவ்வாவணம் வற்புறுத்தியது. கொள்கைக் கோப்பு இல்லை, கையொப்பம் இல்லை, படிகள் இல்லை. தெரிவு செய்தலே அனுமதி வழங்குதலாயிற்று. பெயரும் உரிமையும் ஒரே கையிலிருந்து ஒரே கணத்தில் வருவதால், ஹார்டியின் குழப்பத்துக்கு இங்கு இடமில்லை. 1966இல் டெனிஸும் வான் ஹோர்னும் கூறிய உரிமைச்சீட்டின் சாயல் இதுவே. அதனை நாள்தோறும் பயன்படுத்துவோர் அறியாமலே அது கோடிக்கணக்கானோரை அடைந்தது.

சேவையகத்தின் பக்கத்திலோ அதே பொத்தான் மற்றொரு முகத்தைக் காட்டியது. வந்த கோப்பைப் பயனர் அனுப்பிய பெயரிலேயே சேமிக்கும் நிரல், அப்பெயரில் 'ஒருபடி மேலே' என்னும் இரு புள்ளிகள் இருப்பின், தன் கோப்புறையை விட்டு வெளியேறிப் பிற கோப்புகள்மீது எழுதிவிடும். ரைம்ஷெயர் தொகுப்பானுக்கு நேர்ந்தது இதிலும் நேர்கின்றது. 2020 ஒக்ரோபரில் குரோம் உலாவியின் 86ஆம் பதிப்பு, பயனர் தெரிந்தெடுத்த கோப்பிலே வலைச் செயலியின் நிரல் மீண்டும் எழுதவும் இடமளித்தது. எழுதும் முன் தனியாகக் கேட்கப்படும். பணிசெயல் முறைமைக்குரிய சில கோப்புறைகளைப் பயனரே விரும்பித் தெரிந்தாலும் உலாவி கொடுக்க மறுக்கும்.